உள்ளே ஒருவர் இருக்கிறார்

அதியமான்கோட்டை
8 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மலர் எழுதுவது. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். போன குளிருக்குப் பிடித்த இருமல் உனக்கு இன்னும் இருக்கிறதா? மருந்து வாங்கினாயா, இல்லை வழக்கம்போல் சுடுதண்ணீரிலேயே காலத்தை ஓட்டுகிறாயா?

வியாழக்கிழமை அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்துவிட்டோம். நுரையீரலில் இருந்த நோய் கல்லீரலுக்கும் போய்விட்டதாம். "வூட்டுல வச்சு நல்லா பாத்துக்கோங்கம்மா" என்றார் டாக்டர். அதற்கு அர்த்தம் உனக்கும் தெரியும். நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து.

அண்ணா, நான் அப்பாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். தொப்பூர் இறக்கத்தில் அன்றைக்கு வேனை ஓட்டியது நான். நீ பக்கத்தில் இருந்தாய், அம்மா பின்னால் இருந்தாள். என் முகூர்த்தப் புடவை எடுக்கச் சேலம் போகிற வழியில், புதிதாக ஓட்டப் பழகிய திமிரில் அடம்பிடித்து உன்னிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கினேன். வேன் கவிழ்ந்து அம்மா அங்கேயே போய்ச் சேர்ந்தாள். ஜனம் கூடுவதற்குள் என்னை இழுத்து ரோட்டோரம் உட்காரவைத்துவிட்டு, "நான்தான் ஓட்டினேன்" என்று எல்லாரிடமும் நீ சொல்லிவிட்டாய். "என் வூட்டு வாசல மிதிக்காத" என்றார் அப்பா. பதினோரு வருஷமாக நீ மிதிக்கவில்லை. நான் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அப்பாவுக்குப் பக்கத்துத் தெருவிலேயே குடியிருக்கிறேன்.

உன்னைத் தப்பாக நினைத்துக்கொண்டே அவர் போகக் கூடாது. போனில் இதைப் பேச முடியாது. சாலம்மாள் அத்தை அப்பாவின் கட்டிலோரம் பாய் போட்டுவிட்டாள். என் போன் அடித்தால் "ஸ்பீக்கர்ல போடு, யாருன்னு கேப்போம்" என்கிறாள். வாட்ஸப்பில் எழுதினால் கவிப்பிரியா படித்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவாள். பழையபடி என் பள்ளிக்கூட முகவரிக்கே எழுது. ஸ்டாம்ப்பை மட்டும் ஹெட்மாஸ்டர் கிழித்துக்கொள்வார்.

உன் தங்கை
மலர்விழி


நியூரம்பெர்க்
24 ஜூன் 2024

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் போய்விட்டது. மருந்தும் வாங்கினேன், நம்பு. கவிப்பிரியா பல்லுக்குக் கம்பி கட்டப்போகிறாள் என்று முன்னே எழுதியிருந்தாயே, கட்டியாயிற்றா?

நீ சொல்லாதே. என்னை அப்பா ஏற்கெனவே வெறுத்து முடித்துவிட்டார். கடைசி நாலு மாதத்தில் இன்னொரு பிள்ளையையும் வெறுக்க அவருக்குத் தெம்பிருக்காது. உன் வீட்டுக்காரருக்கும் இது தெரியாது. நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன்.

என்ன வேலை செய்கிறாய் என்று எப்போதும் கேட்பாய், நானும் கம்ப்யூட்டர் வேலை என்று மழுப்புவேன். நீ கணக்கு டீச்சர், உனக்குப் புரியும். ரயில் சிக்னல் பெட்டிகளில் ஓடுகிற ஒரு சின்ன இயங்குதளம். அதன் அடிமட்டத்துக்குக் கர்னல் என்று பெயர். அதற்கு ஒரு பூட்டுச் செய்கிறேன். எந்த ரயில் எங்கே நிற்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறதென்று வைத்துக்கொள். அதை நூறு பேர் ஒரே சமயத்தில் படிக்கலாம், ஒரு கெடுதலும் இல்லை. ஒருவர் அதைத் திருத்த வேண்டுமென்றால்தான் சிக்கல். பாதி திருத்தும்போது யாராவது படித்தால் இல்லாத ரயிலை இருப்பதாக நினைத்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறவர் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். படிக்கிறவர்கள் எத்தனை பேர் உள்ளே என்று பூட்டு எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை சைபருக்கு வந்ததும் எழுதுகிறவர் போகலாம். அவ்வளவுதான். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அப்பாவுக்கு இரவில் வலி அதிகமா? எழுது.

மதியழகன்


அதியமான்கோட்டை
11 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

பல்லுக்குக் கம்பி கட்டியாயிற்று. முறுக்குத் தின்று அதை அறுத்தும் கொண்டாயிற்று. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம் மட்டும் இருக்கிறது. உன்மேல்தான்.

வெறுக்கட்டும். வெறுக்க வேண்டிய ஆளை வெறுக்கட்டும். நான் செய்ததற்கு நீ ஊரைவிட்டுப் போனாய். இதில் நீ எனக்குப் புத்தி சொல்லாதே.

ஆனால் சொல்லத்தான் முடியவில்லை. உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்களை வாசலில் நிறுத்துகிற பழக்கம் நம் வீட்டில் கிடையாதே. அப்பாவுக்கு ஊர் முழுக்கச் சிநேகம் வேறு. காலை ஆறு மணிக்குப் பால்காரரில் ஆரம்பிக்கிறது. ஆளுக்கு ஒரு ரொட்டிப் பாக்கெட், ஆறு சாத்துக்குடி. "என்ன பச்சியப்பா, எப்பிடி இருக்கற?" என்று ஒருவர் உட்கார்வார். அவர் காப்பி குடித்து எழுவதற்குள் இன்னும் இரண்டு பேர் செருப்பைக் கழற்றுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை அறையில் யாருமில்லை, அத்தைகூடக் குளிக்கப் போயிருந்தாள். "அப்பா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்று நான் ஆரம்பித்தேன். "சொல்லு கண்ணு" என்றார். அவ்வளவுதான், கூட்டுறவு பேங்கிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள். நான் போய்க் காப்பி போட்டேன்.

வலி இருக்கிறது. மாத்திரை போட்டால் தூங்குகிறார். முழித்திருக்கும்போது நல்ல தெளிவு.

மலர்


நியூரம்பெர்க்
29 ஜூலை 2024

அன்புள்ள மலருக்கு,

இங்கே வெயில். நான் சுகம். உன் கோபமும் சுகமாக இருக்கட்டும்.

என் பூட்டு தோற்றுப்போயிற்று. சோதனைக்கு விட்டோம். படிக்கிறவர்கள் இருநூறு பேர், எழுதுகிறவர் ஒரே ஒருவர். நாள் முழுக்க ஓடியும் எழுதுகிறவர் ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. ஒருவர் வெளியே வருவதற்குள் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார், எண்ணிக்கை சைபருக்கு வரவே இல்லை. கணக்கு சரிதான், விதியும் சரிதான், யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனாலும் அவர் வாசலிலேயே நின்று பட்டினி கிடந்தார். பட்டினி என்றே இதற்கு எங்கள் தொழிலில் பெயர். ஹெல்கா என்று என் கூட வேலை பார்க்கிறவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்பா என்ன சாப்பிடுகிறார்? களி இறங்குகிறதா? என்னைப் பற்றி எப்போதாவது கேட்டாரா என்று உன்னிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன். பதில் எழுத வேண்டியதில்லை.

மதி


அதியமான்கோட்டை
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவிப்பிரியாவுக்குக் காய்ச்சல் வந்து விட்டது. இப்போது பரவாயில்லை. உனக்கு வெயில் என்றால் சிரிப்பு வருகிறது, உங்கள் வெயில் எங்கள் மார்கழி.

அண்ணா, நீ சிரித்தாயே, வாசலில் பட்டினி கிடந்தவர், அது நான்தான். உனக்குப் புரியவில்லையா? படித்த மூளை இவ்வளவு மந்தமாகவா இருக்கும்? உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்துவிட்டு அழுதேன். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போன கூட்டமெல்லாம் திரும்புகிற வழியில் நம் வீட்டில் இறங்கி அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் போனது. ஈரத் துணியோடு இருபது பேர். அப்பா அத்தனை பேரிடமும் சிரிக்கிறார். அவர்கள் போனதும் சோர்ந்து தூங்கிவிடுகிறார். மிச்ச நேரத்துக்கு அத்தை இருக்கிறாள். அவள் காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் என் மாமியார் வீடு வரைக்கும் போய்விடும்.

உடம்பு பாதியாகிவிட்டது. களி இறங்குவதில்லை, கூழ்தான்.

கேட்டார். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க குளிரு சாஸ்தியா?" என்றார். எங்கே என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருக்குதுங்கப்பா என்றேன்.

அந்த எழுதுகிறவரை எப்படி உள்ளே அனுப்பினாய்? சீக்கிரம் எழுது.

மலர்


நியூரம்பெர்க்
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மலருக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் முழுக்க விட்டதா? என் மூளை மந்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஆபீசுக்குப் போகவில்லை. குளிரு சாஸ்தியா என்கிற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

சரி. சொல்லு. இனி நான் தடுக்கவில்லை.

பூட்டை இப்படித் திருத்தினேன். எழுதுகிறவர் வந்து நின்றுவிட்டார் என்றால் அந்த நிமிஷம் முதல் புதிதாக யாரையும் உள்ளே விடக் கூடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை விரட்ட வேண்டாம், அவர்கள் முடித்துக்கொண்டு தானாக வருவார்கள். கடைசி ஆள் வந்ததும் எழுதுகிறவர் போய்த் தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். அவராக வெளியே வரும்வரை, வந்தவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். இதில் விதிவிலக்கே கூடாது. ஒருவருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டிவரும். நீயும் இப்படிச் செய். கேட்டில் ஓர் ஆளை நிறுத்து. கண்டிப்பான ஆளாக, முகம் பார்க்காத ஆளாக இருக்கட்டும். அத்தைக்கு மட்டும் என்னிடம் வழியில்லை.

ஹெல்கா ஒரு கேள்வி எழுப்பினாள். உள்ளே இருக்கிறவருக்கு வேண்டிய ஒன்று வெளியே நிறுத்தப்பட்டவரிடம் இருந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பவர் அவருக்காகக் காத்திருப்பார், வெளியே இருப்பவர் இவருக்காகக் காத்திருப்பார். இரண்டு பேரும் அப்படியே நின்றுபோவார்கள். அது அபூர்வம், அப்படிப் பயன்படுத்தாதீர்கள் என்று ஒரு குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். அவளுக்குத் திருப்தியில்லை. எனக்கு வேலை முடிந்தது.

என்றைக்குச் செய்யப்போகிறாய் என்று மட்டும் முன்னாலேயே எழுது.

மதி


அதியமான்கோட்டை
9 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், இன்றைய தபாலில் சேர்க்க வேண்டும்.

22ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு அத்தையின் நாத்தனார் பேத்திக்கு அரூரில் காதுகுத்து. அத்தை போகாவிட்டால் பெரிய மனஸ்தாபமாகிவிடும், போய்த்தான் தீர வேண்டும். கேட்டுக்கு நஞ்சப்பனைச் சொல்லிவிட்டேன். ஐந்து வருஷமாக நம் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். சொன்னால் சொன்னதுதான், கலெக்டரே வந்தாலும் விடமாட்டான். "நான் கதவத் தொறக்கற வரைக்கும் யாரையும் வுடாத, என்ன சத்தம் கேட்டாலும் தட்டாத" என்றேன். "சரிங்கம்மா" என்றான். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

அப்பாவுக்குக் குரல் கம்மிவிட்டது. இன்னும் தெளிவாக இருக்கிறார். சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன் அண்ணா. நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. வரச் சொல்லவில்லை, தோன்றியதை எழுதினேன்.

மலர்


அதியமான்கோட்டை
20 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? போகும்போது பாதி உடம்பாக இருந்தாய். வேளைக்குச் சாப்பிடு.

கருமாதி முடிந்து நீ கிளம்புகிற வரைக்கும் வீடு நிறைய ஜனம். அண்ணன் தங்கை ஐந்து நிமிஷம் தனியாகப் பேச முடியவில்லை. கொள்ளி வைக்க உன்னை விடுவதா வேண்டாமா என்று அவர்கள் பேசிய பேச்சில் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

பத்து மணிக்குக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டியரிங், புடவை, நீ சொன்ன பொய், எல்லாம். அப்பா எதுவும் பேசவில்லை. கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், மூச்சு மெதுவாக அடங்கிவிட்டது. பதினொன்று இருக்கும். கதவைத் திறந்தால் கேட்டருகே இருந்த ஜனத்தில் முதலில் தெரிந்தது உன் முகம்தான். இப்பத்தான் பஸ் இறங்கினேன் என்றாய். யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறாயே. கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது அண்ணா. அவருக்கு நினைவில்லை. அதை நினைத்து நீ வருத்தப்படாதே.

மலர்


நியூரம்பெர்க்
12 நவம்பர் 2024

அன்புள்ள மலருக்கு,

சாப்பிடுகிறேன். இங்கே இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது.

கேட்டிருப்பார். நீ சொன்னாய் அல்லவா, அது போதும்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் லாரி கவிழ்ந்து வண்டிகள் நின்றுவிட்டன, அதனால்தான் பஸ் தாமதம். இல்லாவிட்டால் முன்னாலேயே வந்திருப்பேன். நீயும் வருத்தப்படாதே.

மதி


அதியமான்கோட்டை
5 ஜனவரி 2025

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

இரண்டு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. நான் எழுதாததற்குக் காரணம், எழுத உட்கார்ந்தால் மறைத்ததெல்லாம் கைக்கு வந்துவிடுகிறது. நேற்று நஞ்சப்பன் வந்து பின்கட்டில் நின்றுகொண்டு அழுதான். கருமாதியிலிருந்தே என் முகத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தான். வேலையை விட்டு நிற்கப்போகிறானோ என்று நினைத்தேன்.

"மன்னிச்சிருங்கம்மா. அன்னிக்கு அண்ணன் முன்னாடியே வந்துட்டாருங்க. பத்தே கால் இருக்கும். யாரு என்னன்னு எனக்குத் தெரியாதுங்க, அங்க நின்னவங்களுக்கும் தெரியலீங்க. உள்ள அம்மா முக்கியமாப் பேசிட்டிருக்காங்க, முடிஞ்சதும் போலாமுன்னேன். சரின்னுட்டு கேட்டுக்கு வெளிய அந்தக் கல்லு மேல உக்காந்துட்டாருங்க. போனைக்கூட அமுத்தி வச்சிட்டாரு. அய்யாவோட மகன்னு பொணத்தத் தூக்கும்போதுதாங்க தெரிஞ்சது."

பத்தே காலிலிருந்து பதினொன்று வரை. லாரியும் கவிழவில்லை, ஒன்றும் கவிழவில்லை. ஏன் பொய் சொன்னாய்?

சரி, நானும்தான் பொய் சொன்னேன். இனி அதை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அப்பா எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். என்னைத் திட்டவே இல்லை, தலையைத் தடவினார். "அவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். அப்புறம், "வரச் சொல்லு அவன. ஒரு தடவ பாக்கணும்" என்றார். உடனே உன் நம்பரைப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். பதினோரு தடவை, போனில் இன்னும் இருக்கிறது. நீ ஜெர்மனியில் இருக்கிறாய் என்று நினைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரானா?" என்றார். வரேன்னு சொன்னாங்கப்பா என்றேன். அவ்வளவுதான்.

இது தெரிந்தால் நீ தாங்கமாட்டாய் என்றுதான், நினைவில்லை என்று எழுதினேன். நீ முப்பது அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்திருந்தால் போதுமே அண்ணா. யாரையும் விடாதே என்று சொன்னதும் நான்தான். அம்மாவைத்தான் கொன்றேன் என்று நினைத்திருந்தேன்.

மலர்


நியூரம்பெர்க்
23 ஜனவரி 2025

அன்புள்ள மலருக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் இருக்கமாட்டாய். கவிப்பிரியாவை மடியில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதே.

விதி என்னுடையது. விதிவிலக்கே கூடாது என்று எழுதியது நான். ஹெல்கா கேட்டபோது அபூர்வம் என்று சொன்னதும் நான். உன் கடிதம் வந்த அன்று அந்தக் குறிப்பை அழித்துவிட்டேன். உள்ளே இருப்பவர், வெளியே யார் நிற்கிறார் என்று கேட்க ஒரு வழி வைத்துப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இனி ரயில்கள் நிற்காது. நமக்கு அதனால் ஒன்றுமில்லை.

நீ சொல்லி முடித்துக் கதவைத் திறக்கும்போது வாசலில் நான் நிற்க வேண்டும் என்றுதான் கிளம்பி வந்தேன். உள்ளே உன் குரல் கேட்டது, என்னவென்று புரியவில்லை. தங்கச்சி சொல்லிக்கொண்டிருக்கிறாள், நடுவில் போய்க் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். போன் அடித்தால் உள்ளே கேட்குமே என்று அணைத்தேன். பூட்டு சரியாக வேலை செய்கிறது என்று, மலர், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மாவை நீ கொல்லவில்லை. அப்பா உன் தலையைத் தடவினார் என்றால் அந்தக் கணக்கு அத்தோடு தீர்ந்தது. அவர் தீர்த்ததை நீ மறுபடி திறக்காதே.

நஞ்சப்பனை ஒன்றும் சொல்லாதே. அவன் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறான், அவனுக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது. நான் கேட்டருகே வந்ததும், "நீங்க யாருங்க?" என்று கேட்டான். மகன் என்று சொல்லியிருந்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்டியிருப்பான். சொல்லத்தான் வாயெடுத்தேன். பதினோரு வருஷமாக எங்கேயும் சொல்லாத வார்த்தை, அந்த வாசலில் வரவில்லை. கையில் ஆறு சாத்துக்குடி இருந்தது. "சும்மா, பாக்க வந்தேன்" என்றேன்.

"அப்ப உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன்.

உன் அண்ணன்
மதியழகன்